சொந்த நாயைச் சேவை நாயாகப் பழக்குவது: சான்றிதழ் யார் கொடுப்பார்?

அமெரிக்காவில் வீட்டு நாயைச் சேவை நாயாக, அதாவது மாற்றுத்திறனாளிக்கு உதவப் பழக்கிய நாயாக, பதிவு செய்வது எப்படி என்று இணையத்தில் தேடினால் கண்ணில் படுவதெல்லாம் கடைகள்தாம். நாயின் படத்தை ஏற்றி, பெயரைத் தட்டி, பணத்தைக் கட்டினால் முத்திரை குத்திய சான்றிதழ், கழுத்தில் மாட்டும் அட்டை, சிவப்பு மேலங்கி எல்லாம் தபாலில் வந்து சேரும். 'உட்கார்' என்றால் அந்த நாய் உட்காருமா என்றுகூட யாரும் கேட்பதில்லை. இந்தக் காகிதங்களுக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் கிடையாது. அந்நாட்டு அரசின் நீதி அமைச்சகம் தன் விளக்கக் குறிப்பிலேயே இதை எழுதி வைத்திருக்கிறது. மத்திய அரசு சேவை நாய்களுக்குச் சான்றிதழ் தருவதில்லை, பதிவேடு வைத்திருப்பதில்லை, அந்த வேலையைத் தனியார் யாரிடமும் ஒப்படைக்கவும் இல்லை.

சான்றிதழே இல்லையென்றால் சொந்த நாயைச் சேவை நாயாக்க முடியாதோ என்று தோன்றும். முடியும். நீங்களே பழக்கலாம், சட்டம் அதைத் தெளிவாக அனுமதிக்கிறது. ஆனால் காகிதத்தைத் தேடிக் கிளம்புகிறவர்கள் பலருக்கு, சட்டம் உண்மையில் எதைக் கேட்கிறது என்பது தெரிவதில்லை. அது கேட்பது காகிதத்தைவிடக் கடினமான ஒன்றை.

1990இல் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தது. சேவை விலங்கு என்றால் எது என்பதை அதன் விதிகள் 2011 மார்ச் முதல் இறுக்கமாக வரையறுத்தன. மாற்றுத்திறனாளி ஒருவருக்காக, அவருடைய குறைபாட்டோடு நேரடியாகத் தொடர்புடைய ஒரு வேலையைச் செய்யத் தனியாகப் பழக்கப்பட்ட நாய்தான் சேவை விலங்கு. பூனை, கிளி, பாம்பு எதற்கும் இடமில்லை. குட்டை இனக் குதிரைக்கு மட்டும் தனியாக ஒரு விதி உண்டு. நாயின் இனம் எதுவாகவும் இருக்கலாம். குறைபாடு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதும் இல்லை. வலிப்பு, நீரிழிவு, காது கேளாமை, போர்முனையிலிருந்து திரும்பியவரின் மன அதிர்ச்சி என எதுவாகவும் இருக்கலாம்; அது அன்றாட வாழ்வின் முக்கியச் செயல் ஒன்றையாவது கணிசமாகத் தடுக்க வேண்டும்.

அந்த வரையறையில் எல்லாமே தொங்குவது 'வேலை' என்ற சொல்லில்தான். கண் தெரியாதவரைக் குழியைச் சுற்றி அழைத்துப் போவது வேலை. அழைப்புமணி அடித்தால் காது கேளாதவரின் முழங்காலைத் தொட்டு வாசலுக்கு அழைத்துச் செல்வதும், சக்கர நாற்காலியில் இருப்பவர் தவறவிட்ட சாவியை எடுத்துக் கொடுப்பதும், கெட்ட கனவில் அலறுகிறவரை எழுப்பி விளக்கைப் போடுவதும் வேலைதான். பக்கத்தில் இருந்தாலே மனசுக்கு இதமாக இருக்கிறது என்பது இந்தச் சட்டத்தின்படி வேலை ஆகாது. அந்த இதம் பொய் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அப்படிப்பட்ட நாய் மன ஆதரவு நாய். உணவகத்துக்கும் மளிகைக் கடைக்கும் உள்ளே போகும் உரிமை இந்தச் சட்டத்தின் கீழ் அதற்குக் கிடையாது. மருத்துவமனை நோயாளிகளையும் பள்ளிப் பிள்ளைகளையும் மகிழ்விக்க அழைத்துச் செல்லப்படும் நாய்களும் வேறு வகை. அவை அந்தந்த நிறுவனத்தின் அழைப்பின் பேரில்தான் உள்ளே போக முடியும்.

மனநலக் குறைபாடு உள்ளவர்கள் இங்கேதான் குழம்பிப் போகிறார்கள். பதற்றம் வரும்போது நாயைக் கட்டிக்கொண்டால் ஆறுதல் கிடைக்கிறது என்றால் அது ஆதரவு மட்டுமே. பதற்றம் தொடங்கும் அறிகுறியைக் கண்டு, நாய் தானாக வந்து மடிமீது ஏறித் தன் எடையை அழுத்திப் படுக்கவோ, கூட்டத்திலிருந்து வெளியே இழுத்துச் செல்லவோ பழக்கப்பட்டிருந்தால் அது சேவை.

கடைவாசலில் நடப்பது என்ன?

ஓர் உணவகத்துக்குள் நாயோடு நுழைகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நாய் செய்யும் வேலை பார்த்தவுடன் புரியவில்லையென்றால் அங்குள்ள ஊழியர் இரண்டு கேள்விகளை மட்டும் கேட்கலாம். குறைபாடு காரணமாக உங்களுக்குத் தேவைப்படும் சேவை நாயா இது? என்ன வேலை செய்ய இதைப் பழக்கியிருக்கிறீர்கள்? உங்கள் நோய் என்ன என்று அவர் கேட்கக் கூடாது. சான்றிதழ் கேட்கக் கூடாது. "எங்கே, அந்த வேலையை இப்போது செய்து காட்டச் சொல்லுங்கள்" என்றும் கேட்கக் கூடாது. மேலங்கி கட்டாயமில்லை. பக்கத்து மேசைக்காரருக்கு நாய் என்றால் பயம் என்பதோ, ஒவ்வாமை என்பதோ உங்களை வெளியே அனுப்பக் காரணம் ஆகாது. விடுதிகள் செல்லப்பிராணிக் கட்டணம் வசூலிக்க முடியாது. நாய் எதையாவது கடித்து நாசமாக்கினால் மட்டும், மற்ற வாடிக்கையாளர்களிடம் சேதத்துக்கு வசூலிப்பது வழக்கமானால், உங்களிடமும் வசூலிக்கலாம்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். "எனக்குத் துணையாக இருக்கும்" என்றால் அதோடு பேச்சு முடிந்தது, அவர் மறுக்கலாம். "எனக்கு மயக்கம் வரும்போது மருந்துப் பையை எடுத்து வரும்" என்றால் போதும். ஒரு வாக்கியத்தில் சொல்ல முடியாத வேலையை நாய் இன்னும் முழுதாகக் கற்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

உரிமை இவ்வளவு விரிவாக இருப்பதால் அதன் மறுபக்கமும் கண்டிப்பானது. நாய் எப்போதும் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். கயிறோ வாரோ பூட்டியிருக்க வேண்டும். அது வேலைக்கு இடைஞ்சல் என்றாலோ உங்கள் குறைபாட்டால் பிடிக்க முடியாது என்றாலோ குரலாலும் சைகையாலும் அடக்கியாக வேண்டும். குரைத்துக்கொண்டே இருந்து நீங்கள் அடக்காவிட்டாலோ, உள்ளே சிறுநீர் கழித்தாலோ, எவ்வளவு அசலான சேவை நாயாக இருந்தாலும் வெளியே அனுப்பலாம். உள்ளூர் நகராட்சி எல்லா நாய்களுக்கும் கேட்கும் உரிமத்தையும் வெறிநாய்த் தடுப்பூசியையும் சேவை நாய்க்கும் எடுத்தே ஆக வேண்டும்.

சில இடங்கள் விலக்கு. அறுவை சிகிச்சை அறைக்குள் நாய் போக முடியாது. நீச்சல் குளத்தின் கரைவரை வரலாம், தண்ணீருக்குள் இறங்கக் கூடாது. வழிபாட்டுத் தலங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆகவே அமெரிக்காவில் உள்ள இந்துக் கோயில்களுக்குப் போகும் தமிழர்கள் முன்கூட்டியே நிர்வாகத்திடம் பேசிவிடுவது நல்லது. அனுமதிப்பதும் மறுப்பதும் பெரும்பாலும் அவர்கள் முடிவு.

எல்லா நாயும் தேறாது

1928இல் மாரிஸ் ஃபிராங்க் என்ற பார்வையற்ற இளைஞர் டென்னசியிலிருந்து சுவிட்சர்லாந்துக்குப் போய், டாரதி ஹாரிசன் யூஸ்டிஸின் பயிற்சியகத்தில் பட்டி என்ற ஜெர்மன் ஷெப்பர்டோடு நடக்கக் கற்றுத் திரும்பினார். அடுத்த ஆண்டு அவர்கள் நாஷ்வில்லில் தொடங்கிய 'தி சீயிங் ஐ' அமெரிக்காவின் முதல் வழிகாட்டி நாய்ப் பள்ளி. இத்தகைய பள்ளிகள் இன்று தலைமுறை தலைமுறையாகக் குணம் பார்த்து நாய்களை வளர்க்கின்றன. அப்படி வளர்த்தும், பயிற்சிக்கு வரும் குட்டிகளில் கணிசமானவை தேறாமல் வேறு வீடுகளுக்குப் போகின்றன. உங்கள் வீட்டு வரவேற்பறையில் படுத்திருக்கும் நாயைப் பார்த்து முடிவெடுக்கும்போது இதை மனதில் வையுங்கள்.

பார்க்க வேண்டியது அறிவை அல்ல, சுபாவத்தை. பாத்திரம் விழுந்து சத்தம் வந்தால் திடுக்கிடும் நாய் சில வினாடிகளில் தானாகத் தெளிந்து அந்தப் பாத்திரத்தை மோந்து பார்க்கிறதா? முன்பின் தெரியாதவர் கை நீட்டினால் உறுமாமலும் மேலே தாவாமலும் இருக்கிறதா? மற்ற நாய் எதிரே வந்தால் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்க முடிகிறதா? பயந்த நாயையும் கோபக்கார நாயையும் பயிற்சியால் ஓரளவு மாற்றலாம், ஆனால் கூட்டம் நெரியும் ரயில் நிலையத்தில் நாள்தோறும் வேலை வாங்கலாம் என்று எண்ணுவது நாய்க்குச் செய்யும் கொடுமை. லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர், பெரிய பூடில் ஆகியவை அதிகம் தேர்ந்தெடுக்கப்படுவதற்குக் காரணம் அவற்றின் நிதானம்.

குட்டியிலிருந்து தொடங்குவதானால் ஏறத்தாழ 3 முதல் 14 வாரம் வரையிலான பருவம் மிக முக்கியம். அந்த வயதில் நல்லவிதமாகப் பழகிய மனிதர்கள், சத்தங்கள், தரைகள் எல்லாம் வாழ்நாள் முழுக்க அதற்கு இயல்பாகிவிடும். எழுந்து நிற்க உங்களைத் தாங்கிப் பிடிக்கும் வேலைக்கு நாயை எண்ணியிருந்தால் எலும்பு முழுதாக முதிரும்வரை, ஏறக்குறைய இரண்டு வயதுவரை, பாரம் ஏற்றவே கூடாது. கால்நடை மருத்துவரிடம் இடுப்பையும் முழங்கையையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகே அந்த வேலை. நாய் சிறியதாக இருந்தால் அந்த எண்ணத்தை அடியோடு விட்டுவிடுங்கள்.

ஒரு வேலையைப் பழக்குவது

நீரிழிவு உள்ளவருக்கு இரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கும்போது குளுக்கோஸ் மாத்திரைப் பையை எடுத்துவரும் வேலையை எடுத்துக்கொள்வோம். நாய் ஒரு நாளில் கற்பது இல்லை இது. துண்டு துண்டாக உடைத்துக் கற்பிக்க வேண்டும்.

முதலில் காலிப் பையைத் தரையில் வையுங்கள். நாய் அதை மோந்தவுடன் 'சரி' என்று சொல்லி ஒரு துளி தீனி கொடுங்கள். அந்த 'சரி' எப்போதும் ஒரே தொனியில், அந்தக் கணத்திலேயே விழ வேண்டும். அரை நொடி தாமதித்தால் நாய் எதற்குப் பரிசு பெற்றது என்பது அதற்கே தெரியாது. கிளிக்கர் (அழுத்தினால் 'கிளிக்' என்று ஒலிக்கும் சிறு கருவி) வைத்திருப்பவர்கள் சொல்லுக்குப் பதில் அதை அழுத்தலாம். மோப்பது உறுதியானதும் வெறும் மோப்புக்குப் பரிசை நிறுத்துங்கள். நாய் குழம்பும், உங்களைப் பார்க்கும், பிறகு பையை வாயால் தொட்டுப் பார்க்கும். அதுதான் நீங்கள் காத்திருந்த நொடி, பரிசு. அடுத்து ஒரு விநாடி கவ்விப் பிடிப்பது, பிறகு தூக்குவது, பிறகு இரண்டடி நடந்து உங்கள் கையில் போடுவது. ஒரு படியில் தடுமாறினால் திட்ட வேண்டாம், முந்தின படிக்குத் திரும்புங்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும். நாய் இன்னும் வேண்டும் என்று நிற்கும்போதே முடித்துவிடுங்கள்.

பை கைக்கு வந்துவிட்டால் பாதிதான் முடிந்தது. அதே பையை நாற்காலி மேல் வைத்தால் நாய்க்கு அது புதிய பாடம். அடுத்த அறையில், இருட்டில், தொலைக்காட்சி அலறும்போது, விருந்தாளிகள் நிறைந்திருக்கும்போது என ஒவ்வொன்றையும் தனியாகப் பழக்க வேண்டும். கடைசியாகக் கட்டளையை மாற்ற வேண்டும். சர்க்கரை இறங்கியவரால் தெளிவாகப் பேச முடியாமல் போகலாம். ஆகவே நாற்காலியில் சரிந்து உட்கார்வதையே அடையாளமாக்கி, 'எடு' என்று சொல்லாமலே நாய் கிளம்பும்வரை பயிற்சி தொடர வேண்டும். கட்டளைகள் எந்த மொழியிலும் இருக்கலாம். வீட்டில் எல்லாரும் தமிழ் பேசுகிறவர்கள் என்றால் தமிழிலேயே சொல்லுங்கள். ஆளுக்கொரு சொல்லாக மட்டும் இருக்கக் கூடாது.

சர்க்கரை இறங்குவதை வாசனையால் முன்கூட்டியே கண்டுபிடிக்க நாயைப் பழக்கலாமா என்று பலர் ஆவலோடு கேட்பார்கள். சர்க்கரை குறைந்த வேளையில் எடுத்த எச்சில் மாதிரியைப் பஞ்சில் ஒற்றி உறையவைத்து, அந்த வாசனைக்கு நாயைப் பழக்குகிறார்கள். அப்போது மூச்சில் ஐசோப்ரீன் என்ற வேதிப்பொருள் கூடுவதை 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆனால் நாய்க்கு நாய் இந்தத் திறமை மிகவும் வேறுபடுகிறது. குளுக்கோஸ் அளவைத் தொடர்ந்து காட்டும் கருவியைக் கழற்றிவிட்டு நாயை மட்டும் நம்புவது உயிரோடு விளையாடுவது. கருவி ஒலித்ததும் பையை எடுத்து வரும் நாய், வாசனை பிடிக்கும் என்று சொல்லிக்கொள்ளும் நாயைவிடப் பலமடங்கு பயனுள்ளது என்பது என் எண்ணம்.

வேலை ஒன்று, வெளியிடத்தில் நடந்துகொள்வது இன்னொன்று. இரண்டாவதற்குத்தான் அதிக காலம் பிடிக்கும். மேசைக்கு அடியில் ஒரு மணி நேரம் யாருக்கும் தெரியாமல் படுத்திருக்க வேண்டும்; பக்கத்தில் கோழித் துண்டு விழுந்தாலும் 'விடு' என்றதும் முகத்தைத் திருப்ப வேண்டும்; குழந்தை வாலை இழுத்தால் பொறுக்க வேண்டும். நகரும் படிக்கட்டில் நாயின் பாதம் சிக்கிக் கிழிந்துவிடும்; மின்தூக்கியைத் தேடிப் போங்கள்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. பயிற்சியில் இருக்கும் நாய்க்கு மத்தியச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது. முழுதாகக் கற்ற பிறகே அது சேவை நாய். பல மாநிலங்கள் பயிற்சி நாய்களையும் அனுமதிக்கின்றன, ஆனால் யார் பழக்கலாம், என்ன நிபந்தனை என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உங்கள் மாநிலச் சட்டத்தைப் படியுங்கள். அதுவரை பூங்கா, வாகன நிறுத்துமிடம், நாய்களை அனுமதிக்கும் கட்டுமானப் பொருள் கடைகள் போன்ற இடங்களில் பழக்குங்கள்.

எவ்வளவு காலம் பழக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. உதவி நாய் வைத்திருப்பவர்களின் சர்வதேச அமைப்பான ஐஏஏடிபி குறைந்தது ஆறு மாதங்களில் 120 மணி நேரம், அதில் 30 மணி நேரம் பொது இடங்களில் என்று ஓர் அளவுகோலை வைத்திருக்கிறது. நடைமுறையில் ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் ஆவது சாதாரணம். அமெரிக்கன் கென்னல் கிளப்பின் 'கேனைன் குட் சிட்டிசன்' தேர்வில் பத்து அங்கங்கள் உண்டு: அந்நியரை அமைதியாக ஏற்பது, கூட்டத்தின் ஊடே நடப்பது, அழைத்தால் வருவது, நீங்கள் கண்ணுக்கு மறைந்தாலும் மூன்று நிமிடம் பதறாமல் இருப்பது போன்றவை. அதைத் தாண்டியதும் உதவி நாய்ப் பள்ளிகளின் கூட்டமைப்பான அசிஸ்டன்ஸ் டாக்ஸ் இன்டர்நேஷனல் வகுத்த பொது இடத் தேர்வு முறையை ஒரு பயிற்சியாளரை வைத்து நடத்திப் பாருங்கள். இவை எதுவும் சட்டம் கேட்பவை அல்ல. ஆனாலும் இவற்றை மனமாரச் சிபாரிசு செய்வேன். நம் நாயை நாமே மதிப்பிடும்போது பாசம் கண்ணை மறைத்துவிடும். பயிற்சிக் குறிப்பேடு ஒன்றையும் தேதியோடு எழுதி வாருங்கள். வழக்கு என்று வந்தால் கைகொடுப்பது அதுதான், தபாலில் வந்த அட்டை அல்ல.

விமானம், வேலை, வீடு

கடைக்கான விதி விமானத்துக்குப் பொருந்தாது. 2021 ஜனவரி 11 முதல் நடைமுறைக்கு வந்த விதியின்படி மன ஆதரவு நாய்களைச் சேவை விலங்காக ஏற்க வேண்டிய கட்டாயம் விமான நிறுவனங்களுக்கு இல்லை. சேவை நாய்க்குப் போக்குவரத்துத் துறையின் படிவத்தில் உடல்நலம், நடத்தை, பயிற்சி பற்றி உறுதியளிக்க வேண்டும். பழக்கியவர் பெயர் கேட்கும் இடத்தில் உங்கள் பெயரையே எழுதலாம். எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ பறப்பதானால், வழியில் நாய் அசுத்தம் செய்யாது என்பதற்கு இன்னொரு படிவம். ஊருக்கு வருகிறவர்களுக்கு இது தப்பாது. பொய் எழுதினால் மத்தியக் குற்றம். இந்தியாவுக்குள் நாயைக் கொண்டுவர விலங்குத் தனிமைப்படுத்தல் அலுவலகத்தின் தடையில்லாச் சான்றைத் தனியாக வாங்க வேண்டும்.

அலுவலகத்தில் வேறு கணக்கு. அங்கே முதலாளி மருத்துவச் சான்று கேட்கலாம், பேசி முடிவு செய்ய வேண்டும். முன்னாள் படைவீரர்களுக்கான துறை, நாய்க்கான மருத்துவச் செலவை ஏற்பதற்கு அங்கீகாரம் பெற்ற பள்ளியிலிருந்து வந்த நாய் வேண்டும் என்கிறது. சொந்தமாகப் பழக்கியவர்களுக்கு அந்தச் சலுகை கிடைப்பதில்லை.

எல்லை தாண்டினால் கதை மாறும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் அரசே சான்றிதழ் வழங்குகிறது. சொந்தமாகப் பழக்கிய நாய் அங்கே பொது இடப் பாதுகாப்புத் தேர்வு எழுதித் தேற வேண்டும். தமிழர்கள் நிறைந்த ஒன்டாரியோவிலோ, மேலங்கியாலோ சேணத்தாலோ அடையாளம் தெரியாத நாய்க்கு மருத்துவர், செவிலியர் போன்ற பதிவுபெற்ற நலவாழ்வுப் பணியாளரின் கடிதம் போதும்.

போலி அட்டைக்குத் திரும்ப வருகிறேன், ஏனென்றால் அதில் பாதிக்கப்படுகிறவர்கள் யார் என்பதைச் சொல்லியாக வேண்டும். பழக்கப்படாத நாய் மேலங்கியோடு கடைக்குள் வந்து வழிகாட்டி நாய் மீது பாய்ந்தால், அந்த ஒரு தாக்குதலில் பல ஆண்டுப் பயிற்சி பெற்ற நாய் மிரண்டு வேலைக்கே உதவாமல் போகலாம். பார்வையற்றவர் தன் நடமாட்டத்தையே இழக்கிறார். கலிபோர்னியாவில் பொய்யாகச் சேவை நாய் என்று காட்டினால் ஆறு மாதம்வரை சிறையும் 1,000 டாலர்வரை அபராதமும் விதிக்கலாம். இத்தகைய சட்டம் வேறு பல மாநிலங்களிலும் உண்டு.

ஒன்றரை ஆண்டு பாடுபட்ட பிறகு நாய் பொது இடத்துக்கு லாயக்கில்லை என்று தெரியவந்தால் என்ன செய்வது? நிறுத்திக்கொள்ளுங்கள். பின்னுக்கு மடிந்த காது, கொட்டாவி, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, தீனியை மறுப்பது ஆகியவை அது தாங்க முடியாமல் தவிப்பதன் அடையாளங்கள். கற்ற வேலை வீணாகாது. வீட்டில் பையை எடுத்து வரும் நாய் வீட்டில் தொடர்ந்து எடுத்து வரும். வாடகை வீடானாலும் வழி உண்டு. குடியிருப்புகளுக்கான மத்தியச் சட்டமான நியாய வீட்டுவசதிச் சட்டம் கடைகளுக்கான சட்டத்தைவிட விரிவானது. குறைபாட்டுக்கு உதவும் நாயை, செல்லப்பிராணிகளுக்குத் தடை உள்ள கட்டடத்திலும் வைத்துக்கொள்ள உரிமையாளரிடம் எழுத்தில் விண்ணப்பிக்கலாம். குறைபாடு வெளிப்படையாகத் தெரியாதபோது அவர் மருத்துவரின் கடிதம் கேட்கக்கூடும். உங்களுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடமே அதை வாங்குங்கள்.